திரும்பும் வழியைக் குறித்து வைத்தவர்: ஆலன் டூரிங்

ஜொகூரில் ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கணினித் துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பலர் முதலாண்டிலேயே சி மொழியைச் சந்திக்கின்றனர். மாறி, லூப், அரே வரை பாடம் இலகுவாக நகரும். பாயிண்டர் வந்ததும் வேகம் குறையும். பாயிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன் என்ற பகுதிக்கு வந்தால் பலரும் திணறிவிடுகின்றனர்.

ஒரு ஃபங்ஷன் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் சிக்கல் இல்லை. அதே ஃபங்ஷன் அந்த எண் இருக்கும் இடத்தின் முகவரியைத் திருப்பிக் கொடுத்தால் நிரல் சில நேரம் சரியாக ஓடுகிறது. சில நேரம் ஏதோ ஒரு குப்பை எண்ணைக் காட்டுகிறது. சில நேரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் 1945-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் போய் நிற்போம். அதை எழுதியவர் ஆலன் டூரிங். கணினி அறிவியலின் தந்தை என்று உலகம் போற்றும் இவருடைய தாய் பிறந்தது தமிழகத்தில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங்கின் தாய் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881-இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரில் பிறந்தார். அவருடைய தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ் டூரிங், அன்றைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். இருவரும் 1907-இல் மணம் புரிந்தனர். மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார்.

சென்னை மாகாணத்திலிருந்து நம் முன்னோர்கள் கப்பலேறி ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அதே மாகாணத்தில் இருந்த சத்திரபூரில் ஜூலியஸ் பணியில் இருந்தபோது ஈத்தல் மீண்டும் கருவுற்றார். பிரசவத்துக்காகக் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1912 ஜூன் 23 அன்று லண்டனில் ஆலன் பிறந்தார்.

வெப்பமும் நோயும் நிறைந்த நாட்டில் பிள்ளைகளை வளர்க்க வேண்டாம் என்று பெற்றோர் முடிவு செய்தனர். தந்தை பணிக்குத் திரும்பினார். சில மாதங்களில் தாயும் அவரைத் தொடர்ந்தார். குழந்தை ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் கடல் கடந்து வருவதும் போவதுமாகவே ஆலனின் இளமைப் பருவம் கழிந்தது.

சைக்கிளில் வந்த புது மாணவன்

1926 மே மாதம் ஷெர்போர்ன் பள்ளியில் அவர் சேர வேண்டிய நேரத்தில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில்கள் ஓடவில்லை. பிரான்சிலிருந்து கப்பலில் வந்து சௌத்தாம்ப்டனில் இறங்கிய 13 வயதுச் சிறுவன், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்தான். ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் வரை சைக்கிள் மிதித்துப் போவதைப் போன்றது அது. வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளி வந்து சேர்ந்தான்.

பள்ளியில் அவர் எல்லாருக்கும் பிடித்த மாணவராக இருக்கவில்லை. கையெழுத்து மோசம். இலக்கியத்திலும் பழைய மொழிகளிலும் நாட்டம் இல்லை. கணிதத்திலும் அறிவியலிலும் பாடநூலைத் தாண்டித் தானே வழி கண்டுபிடித்துக்கொண்டு போவார். கிறிஸ்டோபர் மோர்காம் என்ற மாணவரின் நட்பு அவரை மாற்றியது. இருவரும் வானியலும் வேதியியலும் பேசிப் பேசி வளர்ந்தனர். 1930 பிப்ரவரியில் காசநோயால் கிறிஸ்டோபர் இறந்தார். அந்த இழப்பு டூரிங்கை விட்டு நீங்கவே இல்லை. நண்பன் செய்யாமல் விட்டுப்போனதைத் தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1935-இல், 22 வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வாளர் தகுதி அவருக்குக் கிடைத்தது.

முகவரியும் ஓர் எண்தான்

1936-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைதான் கணினி அறிவியலின் அடித்தளம். எந்தக் கணிதக் கேள்விக்கும் இயந்திரத்தனமான ஒரு வழிமுறையைக் கொண்டு விடை சொல்லிவிட முடியுமா என்பது அன்று கணித உலகத்தில் இருந்த பெரிய கேள்வி. முடியாது என்று டூரிங் நிரூபித்தார். அதை நிரூபிப்பதற்காக அவர் மனத்தில் கட்டிய கற்பனை இயந்திரம்தான் பிற்காலத்தில் டூரிங் இயந்திரம் எனப் பெயர் பெற்றது.

கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட நீண்ட நாடா ஒன்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படித்து, அழித்து, எழுதி, இடமோ வலமோ நகரும் இயந்திரம் ஒன்று. இவ்வளவுதான். ஆனால் டூரிங் ஒரு படி மேலே போனார். ஓர் இயந்திரத்தின் செயல்முறையையே எண்ணாக மாற்றி இன்னோர் இயந்திரத்தின் நாடாவில் எழுதிவைக்கலாம். அந்த ஒரே இயந்திரம் எந்த இயந்திரத்தின் வேலையையும் செய்யும் என்று காட்டினார்.

கட்டளையும் தரவும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருக்கலாம் என்பது இதன் பொருள். இன்றைய கணினியின் நினைவகம் இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியும் ஓர் எண். எண் என்பதால் அதையும் இன்னோர் இடத்தில் எழுதிவைக்கலாம். அப்படி முகவரியைத் தாங்கி நிற்கும் மாறியைத்தான் சி மொழியில் பாயிண்டர் என்கிறோம்.

போரும் மௌனமும்

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் முனைவர் பட்டம் பெற்று 1938-இல் டூரிங் நாடு திரும்பினார். மறு ஆண்டு செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. மறுநாளே அவர் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரம் உருவாக்கும் சங்கேதச் செய்திகளை உடைப்பதே அங்கு வேலை. போலந்துக் கணித அறிஞர்கள் போருக்கு முன்பே அதில் பெரும் பாதையைத் திறந்து வைத்திருந்தனர். அதன் தொடர்ச்சியாக டூரிங், போம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்கும் பிரிவுக்கு டூரிங் தலைமை தாங்கினார்.

அவருடைய விசித்திரப் பழக்கங்கள் அங்கே பிரசித்தம். மகரந்த ஒவ்வாமைக்காக விஷவாயு முகமூடி அணிந்து சைக்கிளில் வருவார். தேநீர்க் குவளை காணாமல் போகாதிருக்க அதைச் சங்கிலியால் கட்டி வைப்பார். ஆனால் போர் முடிந்த பிறகு இந்தப் பணியைப் பற்றி அவர் எவரிடமும் பேசக் கூடாது. 1970-களில்தான் அந்த ரகசியம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது.

புதை, தோண்டி எடு

1945 அக்டோபரில் டூரிங், லண்டனுக்கு அருகே டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே ஏ.சி.இ. என்ற மின்னணுக் கணினிக்கான முழுத் திட்ட அறிக்கையை எழுதி முடித்தார். மின்சுற்றுகள், நினைவகம், கட்டளைகள், மாதிரி நிரல்கள் என எல்லாம் அதில் இருந்தன. செலவு 11,200 பவுன் ஆகும் என்று கணக்கும் போட்டிருந்தார். 1946 மார்ச்சில் ஆய்வகத்தின் நிர்வாகக் குழு முன் அது வைக்கப்பட்டது.

அந்த அறிக்கையில் ஒரு சிறு பகுதிதான் நம் பாடத்துக்கு வேர். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிக்க வேண்டும் என்று டூரிங் கருதினார். பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும்போது இடையில் ஒரு துணை வேலைக்குத் தாவ வேண்டும். அது முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இயந்திரத்துக்கு விட்ட இடம் எப்படித் தெரியும்?

தாவுவதற்கு முன் விட்ட இடத்தைக் குறிப்பாக எழுதி வைத்துவிட வேண்டும் என்றார் டூரிங். துணை வேலைக்குள் இன்னொரு துணை வேலை வந்தால் இன்னொரு குறிப்பு சேரும். குறிப்புகள் ஒரு பட்டியலாக நிற்கும். கடைசியாக எழுதியது கடைசியில் இருக்கும். அந்தக் கடைசிக் குறிப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நிலையான இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். துணை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த இடத்திலுள்ள எண் மாறும். குறிப்பை வைக்கும் செயலுக்குப் புதைத்தல் என்றும், எடுக்கும் செயலுக்குத் தோண்டி எடுத்தல் என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை அவர் சூட்டினார்.

இன்று நாம் ஸ்டாக் என்று படிப்பது இதைத்தான். விருந்து முடிந்து தட்டுகளை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்தே எடுப்பது. கடைசிக் குறிப்பின் இடத்தைக் காட்டும் எண்தான் ஸ்டாக் பாயிண்டர்.

டூரிங்குக்குத் தெரியாமல் மற்றவர்களும் இதே சிக்கலுக்கு வழி தேடினர். கேம்பிரிட்ஜில் டேவிட் வீலர் என்ற இளைஞர், திரும்பும் இடத்தைத் துணை நிரலின் வாலிலேயே எழுதிவிடும் உத்தியைக் கண்டார். 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் அதில் ஒரு தடை இருந்தது. குறிப்பு வைக்க ஒரே இடம்தான் என்பதால், ஒரு துணை நிரல் முடிவதற்குள் அதையே மீண்டும் அழைத்தால் பழைய குறிப்பு அழிந்துவிடும். பட்டியலாக அடுக்கினால் அந்தத் தடை இல்லை. 1957-இல் ஜெர்மனியில் பாவர், சாமெல்சன் ஆகிய இருவரும் ஸ்டாக் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். டூரிங் இந்த எண்ணத்தைத் தாளில் எழுதிப் பத்தாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

இரவுச் சந்தையும் பாயிண்டரும்

இப்போது சி மொழிக்கு வருவோம். ஒரு ஃபங்ஷனை அழைத்ததும் ஸ்டாக்கில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. திரும்ப வேண்டிய முகவரி, அந்த ஃபங்ஷனுக்குள் நாம் அறிவித்த மாறிகள் எல்லாம் பொதுவாக அங்கேதான் இருக்கும். வேலை முடிந்து ஃபங்ஷன் திரும்பியதும் ஸ்டாக் பாயிண்டர் பின்னால் நகர்ந்துவிடும். அந்தப் பகுதி இனி யாருக்கும் சொந்தமில்லை. அடுத்து எந்த ஃபங்ஷன் அழைக்கப்படுகிறதோ அது அங்கே வந்து தன் மாறிகளை வைத்துக்கொள்ளும்.

நம் தாமானில் வாரம் ஒருநாள் கூடும் இரவுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் கோட்டுக்குள் ஒரு கடை. அங்கே ஒருவர் அப்பாம் பாலிக் சுடுகிறார். அந்த இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் போனால் என்ன இருக்கும்? இடம் அங்கேயேதான் இருக்கும். அப்பாம் பாலிக் கடை இருக்காது. யாருடைய காராவது நிற்கும். அல்லது வெறுமனே கிடக்கும். நாம் குறித்த எண்ணில் பிழை இல்லை. அந்த எண் சுட்டிய கடைதான் போய்விட்டது.

ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறியின் முகவரியைத் திருப்பிக் கொடுப்பதும் இதுவே. முகவரி பத்திரமாக வந்து சேரும். அதில் இருந்த பொருளின் ஆயுள் முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் இத்தகைய பாயிண்டரைத் தொங்கும் பாயிண்டர் என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

இதில் மாணவர்களை ஏமாற்றுவது ஒன்று உண்டு. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடத்தை யாரும் துடைத்துச் சுத்தம் செய்வதில்லை. உடனே எட்டிப் பார்த்தால் பழைய எண்ணே சில நேரம் தெரியும். நிரல் சரி என்று நினைத்துக்கொள்வோம். இடையில் இன்னொரு ஃபங்ஷனை அழைத்துவிட்டுப் பார்த்தால் விடை மாறியிருக்கும். ஒருமுறை சரியான விடை வந்தது என்பது நிரல் சரியானது என்பதற்குச் சான்றாகாது. கம்பைலர் தரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது என்று விரிவுரையாளர்கள் சொல்வது இதனால்தான்.

மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் ஏன் சிக்கல் இல்லை? அங்கே மதிப்பின் நகல் ஒன்று அழைத்தவரிடம் வந்துவிடுகிறது. அப்பாம் பாலிக்கை வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். கடை எடுக்கப்பட்டால் நமக்கென்ன?

முகவரியைத் திருப்பிக் கொடுக்கும் சரியான வழிகள்

அப்படியானால் பாயிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனே எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். சி மொழியின் நூலகத்திலேயே அத்தகைய ஃபங்ஷன்கள் நிறைய உள்ளன. ஃபங்ஷன் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒன்றின் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அழைத்தவர் கொடுத்த இடத்தையே பயன்படுத்துவது. ஓர் அரேயின் முகவரியை உள்ளே அனுப்புகிறோம். ஃபங்ஷன் அதில் மிகப் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தருகிறது. அரே அழைத்தவருடையது, ஆகவே அது தொலைந்துபோகாது. ஒரு சொல்லில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடித் தரும் நூலக ஃபங்ஷன் இப்படித்தான் செய்கிறது. தேடியது கிடைக்காவிட்டால் நல் எனப்படும் வெற்றுப் பாயிண்டரைத் தரும். வந்த பாயிண்டர் நல் தானா என்று சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது வழி, மாறியை ஸ்டேட்டிக் என்று அறிவிப்பது. அப்போது அது ஸ்டாக்கில் இருக்காது. நிரல் ஓடும் வரை அதன் இடம் நிலையானது. இரவுச் சந்தைக் கடையாக இல்லாமல் சொந்தக் கட்டடத்தில் உள்ள கடை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடை ஒன்றே ஒன்றுதான். ஃபங்ஷனை இரண்டாவது முறை அழைத்தால் முதல் விடையின் மேலேயே புது விடை எழுதப்படும். வீலரின் உத்தியில் இருந்த அதே தடை இங்கேயும் தலைகாட்டுகிறது.

மூன்றாவது வழி, மால்லாக் மூலம் ஹீப் என்ற பகுதியில் இடம் கேட்டு வாங்குவது. ஒப்பந்தம் போட்டுக் கடை வாடகைக்கு எடுப்பது போன்றது இது. ஃபங்ஷன் முடிந்தாலும் இடம் நம்மிடமே இருக்கும். வேலை முடிந்ததும் ஃப்ரீ மூலம் நாமே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும். முடிக்காமல் விட்டால் பயன்படாத இடங்கள் பெருகி நினைவகம் வீணாகும். முடித்த பிறகும் பழைய முகவரிக்குப் போனால் தொங்கும் பாயிண்டர் மீண்டும் வந்துவிடும். இடத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதை ஃபங்ஷனை எழுதுபவர் தெளிவாக எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

எழுதும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால், அது பாயிண்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். நட்சத்திரக் குறியையும் பெயரையும் சேர்த்து அடைப்புக்குள் போட்டுவிட்டால், அது ஃபங்ஷனைச் சுட்டும் பாயிண்டர். ஓர் அடைப்புக் குறியில் பொருளே மாறிவிடும். தேர்வில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது.

டூரிங்கிலிருந்து சி மொழி வரை

டூரிங்கின் ஏ.சி.இ. கணினி அவர் எண்ணிய வேகத்தில் உருவாகவில்லை. மின்னணுக் கருவிகள் நம்பகமாக இயங்கும் என்பதைப் போர்க்காலத்தில் கண்ணால் கண்டவர் அவர். ஆனால் ரகசியக் காப்பு உறுதிமொழி காரணமாக அதை எடுத்துச் சொல்லி வாதாட முடியவில்லை. சலிப்புற்ற அவர் 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய வடிவமைப்பைச் சுருக்கிக் கட்டிய மாதிரிக் கணினி 1950 மே மாதத்தில்தான் டெடிங்டனில் இயங்கியது.

மான்செஸ்டரில் டூரிங் கணினிக்கு நிரல் எழுதுவோருக்கான கையேட்டை எழுதினார். ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1951-இல் அதைப் படித்தார். கிங்ஸ் கல்லூரியில் படித்த நாள்களிலிருந்தே அவருக்கு டூரிங் அறிமுகமானவர். அந்தக் கையேட்டின் துணையோடு டாம் விளையாட்டுக்கு ஒரு நிரல் எழுதிய ஸ்ட்ரேச்சி, ஆசிரியர் வேலையை விட்டுக் கணினித் துறைக்கே வந்துவிட்டார்.

ஸ்ட்ரேச்சி 1960-களில் சி.பி.எல். என்ற மொழியை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். ஒரு மாறியின் மதிப்பு வேறு, அது இருக்கும் இடம் வேறு என்ற பாகுபாட்டை 1967-இல் தம் விரிவுரைகளில் அவர் தெளிவாக வகுத்தார். பாயிண்டர் பாடத்தின் உயிர்நாடியே அந்தப் பாகுபாடுதான். சி.பி.எல். மொழியைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பி.சி.பி.எல். மொழியை உருவாக்கினார். அதைச் சுருக்கி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பி மொழியைப் படைத்தார். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி அதை வளர்த்து சி மொழியாக்கினார். இன்று நாம் எழுதும் ஒவ்வொரு ரிட்டர்ன் வரிக்கும் பின்னால் இப்படி ஒரு தலைமுறை வரிசை நிற்கிறது.

1949-இல் டூரிங் இன்னொன்றும் செய்தார். கேம்பிரிட்ஜில் நடந்த கூட்டத்தில், ஒரு நிரல் சரியானது என்பதை எப்படி உறுதி செய்வது என்று சிறு கட்டுரை வாசித்தார். நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்பதை எழுதிவைத்தால், சரிபார்ப்பவர் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம் என்பது அதன் சாரம். ஓட்டிப் பார்த்தேன், விடை வந்தது என்று நிறுத்திக்கொள்ளும் பழக்கத்துக்கு அன்றே அவர் மாற்று காட்டிவிட்டார்.

துயரமான முடிவு

1950-இல் இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எடுத்து அவர் எழுதிய கட்டுரை, இன்றைய செயற்கை நுண்ணறிவு விவாதங்களுக்கு முன்னோடி. 1951-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். 1952-இல் உயிரினங்களின் உடலில் கோடுகளும் புள்ளிகளும் உருவாகும் விதத்தைக் கணிதத்தால் விளக்கினார்.

அதே 1952-இல் அவர் வாழ்க்கை சரிந்தது. தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிக் காவல்துறையிடம் புகார் செய்தார். விசாரணையில் அவருக்கு இன்னோர் ஆணுடன் உறவு இருந்தது தெரியவந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சைக்கு அவர் உடன்பட்டார். அரசின் ரகசியப் பணிகளில் அவருக்கு இருந்த அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டைக் காக்க உழைத்தவர் என்பதை நீதிமன்றத்தில் அவரால் விளக்கிச் சொல்லவும் முடியாது. அது இன்னும் ரகசியம்.

1954 ஜூன் 7 அன்று வில்ம்ஸ்லோவில் உள்ள தம் வீட்டில் சயனைடு நஞ்சால் அவர் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. ஆய்வுக்காக வீட்டில் வைத்திருந்த வேதிப்பொருளால் நேர்ந்த விபத்து என்றே தாய் கடைசிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய்தான் 1959-இல் மகனின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லியில் மகன் சாதித்தது அப்போது உலகத்துக்குத் தெரியாது. நூல் எழுத அமர்ந்த தாயும் அதன் முழு அளவை அறிந்திருக்கவில்லை.

2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் 50 பவுன் நோட்டில் டூரிங்கின் படம் அச்சேறியது. கணினித் துறையின் ஆக உயரிய விருது 1966 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. 1983-இல் அதைப் பெற்றவர்கள் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1994-இல் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி

டூரிங்கின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அவர் கடினமான கணிதத்தைச் செய்தவர் என்பதோடு எளிய கேள்விகளைக் கேட்கத் தயங்காதவர் என்பதும் புரிகிறது. வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது? இது சிறு பிள்ளை கேட்கும் கேள்வி. அதற்கு ஒழுங்கான விடை எழுதியதால்தான் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்தாலும் இன்றைய கணினி வழிதவறாமல் திரும்புகிறது.

பாயிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனை எழுதும் மாணவர்களும் ரிட்டர்ன் வரிக்கு முன் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். நான் கொடுக்கப்போகும் முகவரியில் உள்ள பொருள், இந்த ஃபங்ஷன் முடிந்த பிறகும் அங்கே இருக்குமா? இருக்கும் என்றால் அது யாருடையது, யார் அதை விடுவிப்பார்? ஒரு தாளில் ஸ்டாக்கைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஃபங்ஷன் திரும்பியதும் எந்தக் கட்டங்கள் போகின்றன என்று பென்சிலால் அடித்துப் பாருங்கள். உங்கள் அம்புக்குறி அடிபட்ட கட்டத்தைச் சுட்டுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நாடாவையும் கட்டங்களையும் மனத்தில் வரைந்தே டூரிங் கணினியைக் கண்டார். நமக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.